கடைசி நாற்பது பக்கம்

சிக்கல்
13.3.2025, வியாழக்கிழமை

அன்புள்ள குணம் அக்காவுக்கு,

சிக்கலில் இருந்து வீரலட்சுமி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகம் எப்படி என்று கேட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. உங்கள் சுகம் எப்படி என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை நீங்கள் மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். புதன்கிழமை ஆபரேஷன். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களாம். இன்றையும் சேர்த்தால் நடுவில் நாலு நாள்தான் இருக்கிறது.

போன் போட்டால் போகவே மாட்டேன் என்கிறது. என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டீர்கள் என்று நஸீஹா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி மண்டபத்துக்கு வந்து அகதி முகாம் வாசலில் நின்றேன். உங்கள் மகள் தக்சிகா வந்து, அம்மா நித்திரை கொள்ளுறா ஆன்ட்டி என்று சொன்னது. காலை பதினொரு மணிக்கு நீங்கள் என்றைக்கு அக்கா தூங்கியிருக்கிறீர்கள்? பாவம், பிள்ளைக்குப் பொய் சொல்ல வரவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் வந்தேன். அன்றைக்கு அதுவும் வெளியே வரவில்லை. அதனால்தான் கடிதம். நஸீஹா நாளைக் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் உங்கள் கையில் கொடுப்பாள். நீங்கள் பிரித்துப் படிக்கிற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நான் உங்களுக்குப் படிக்கக் கொடுத்த அந்தப் பச்சை அட்டை நாவல் சனிக்கிழமை எனக்குத் திரும்பி வந்தது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் வைத்து நஸீஹா கொடுத்தாள். குணம் அக்கா முகமே சரியில்லை, என்ன நடந்துச்சு என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்து, பிப்ரவரி இரண்டாம் தேதி. அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து, மார்ச் ஐந்தாம் தேதி. அதற்கும் கீழே, நம்மில் யாரும் இதுவரை எழுதாத ஒரு வரி: "விளங்கிவிட்டது வீரா. நன்றி."

என்ன விளங்கியது என்று எனக்கு விளங்கவில்லை அக்கா. சத்தியமாக விளங்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். சிக்கலில் இறங்க மறந்து கடலாடியில் போய் இறங்கினேன்.

இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தப் புத்தகத்தின் கடைசி நாற்பது பக்கத்தை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன்.

ஆமாம். படித்து முடிக்காமலே கையெழுத்துப் போட்டேன். படித்து முடிக்காமலே நம் வாட்ஸ்அப் குரூப்பில் பத்து நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். புத்தகம் மாற்றிப் படிக்கிற நம் ஐந்து பேருக்கும் இருக்கிற ஒரே சட்டம் அதுதான், அதைப் போட்டவரும் நீங்கள்தான். கடைசி வரி வரை படித்தால்தான் பின் அட்டையில் கையெழுத்து, கையெழுத்துப் போட்ட புத்தகத்தை மட்டும்தான் மற்றவருக்குச் சிபாரிசு செய்யலாம். வாசியாமல் ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ, அது ருசி பாக்காமல் பந்தியில வைக்கிற மாதிரி என்று முதல் நாளே சொன்னீர்கள். நானும் பெரிய இவள் மாதிரித் தலையை ஆட்டினேன்.

மிளகாய் பறிப்பு, ஆள் நின்றார்கள், நேரமில்லை என்று காரணம் எழுதலாம். பறிப்பு நடந்தது உண்மைதான். ஆனால் அது காரணம் இல்லை. இது எனக்கு முதல் தடவையும் இல்லை, மூன்றாவது தடவை. நஸீஹா டீச்சர். நீங்கள் அந்தக் காலத்திலேயே பரீட்சையில் பள்ளிக்கு முதலாவதாக வந்தவர். சாயல்குடி நாகலெட்சுமியும் அவள் நாத்தனார் மீனம்மாளும் கல்லூரி பார்த்தவர்கள். நான் எட்டாவதோடு நின்று வயலில் இறங்கியவள். வீரலட்சுமிதான் எப்பவும் மொதல்ல முடிக்கிறா என்று நீங்கள் எல்லோரும் குரூப்பில் சொல்லும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? அந்தப் பெயரை விட மனசு வரவில்லை. அந்த அற்ப ஆசை உங்களிடம் வந்து இப்படி விடியும் என்று நினைக்கவில்லை.

அந்த நாவலில் இருநூறு பக்கம் வரைக்கும் தங்கபுஷ்பம் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கிறாள், போகிற வருகிறவர்களை எல்லாம் ஒரு வழி பண்ணுகிறாள், சிரிக்கிறாள், சிரிக்க வைக்கிறாள். நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். இந்தத் தங்கபுஷ்பம் வேற யாருமில்ல, நம்ம குணம் அக்காவேதான், அக்கா நீங்க கட்டாயம் படிக்கணும், கடைசி வரைக்கும் படிக்கணும் என்று நான்தான் குரூப்பில் கத்தினேன். கடைசி வரைக்கும் என்று வேறு சொன்னேனே, என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

உங்கள் மாரில் கட்டி இருப்பதை ஜனவரி மாசம் முதலில் என்னிடம்தான் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரர் இரத்தினசிங்கம் அண்ணனுக்குக்கூட அதற்குப் பிறகுதான் தெரியும். அடுத்த மாசமே நான் ஒரு புத்தகம் அனுப்புகிறேன். அதில் வருகிறவள் நீங்கள்தான் என்கிறேன். அவளுக்கும் மாரில் கட்டி வருகிறது. ஆபரேஷன் மேசையிலேயே செத்துப்போகிறாள். எல்லாம் தெரிந்த வீரா, நேரே சொல்ல முடியாமல் புத்தகத்தில் வைத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா. நான் சொல்லி அனுப்பியது இருநூறு பக்கம்தான்.

நான் ஏன் அவளை நீங்கள் என்றேன் தெரியுமா? நாம் முதலில் பார்த்துக்கொண்ட நாளை நினைத்துத்தான். ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் ஒரு கடையில் நான் ஒரு நாவல் கேட்டேன். கடைப் பையன் என் சேலையையும், மிளகாய் ஆய்ந்து சிவந்த கையையும் பார்த்துவிட்டு, சமையல் புத்தகம் அந்தப் பக்கம் இருக்கும்மா என்றான். எனக்கு மூஞ்சி செத்துப்போயிற்று. பக்கத்தில் நின்ற நீங்கள், முன்னே பின்னே தெரியாத நீங்கள், தம்பி, அவ கேட்டது நாவல், உமக்குத் தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லும் என்றீர்கள். அவன் ஓடிப்போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். தங்கபுஷ்பமும் நாற்பதாம் பக்கத்தில் ஒரு கண்டக்டரை இதே மாதிரித்தான் கேட்கிறாள். அதைப் படித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அதற்காகச் சொன்னதுதான், வேறு ஒன்றும் இல்லை.

முந்தாநாள் ராத்திரி அண்ணன் போன் பண்ணினார். அவ ஒண்டும் கதைக்கிறா இல்லைத் தங்கச்சி, நான் உடுப்பைப் பெட்டியில அடுக்கினால் அவ எடுத்து வெளியில வைக்கிறா, என்ன புத்தகமம்மா குடுத்தனீங்கள் என்று கேட்டார். ஒரு ஆம்பிளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. முகாம் ஆபீசுக்கு மூன்று நாள் நடந்து, நீங்கள் மதுரையில் தங்க அனுமதி வாங்கிவைத்திருக்கிறார். பெயிண்ட் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். இதை அவவுக்குச் சொல்லுங்கோ, எனக்குச் சொல்லி என்ன என்று வைத்துவிட்டார்.

சொல்கிறேன். அதற்குப் பிறகு அந்த நாற்பது பக்கத்தை நான் நாலு தடவை படித்துவிட்டேன். நீங்கள் வரி விடாமல் படிக்கிறவர், ஆனால் இந்தத் தடவை விட்டுவிட்டீர்கள். இருநூற்றுப் பதினாலாம் பக்கம், மேலே இருந்து ஐந்தாவது வரி. எத்தனை மாசமாக இருக்கிறது என்று டாக்டர் கேட்கிறார். பதினாறு மாசம் என்கிறாள். மகன் கல்யாணம் முடியட்டும் என்று மறைத்திருக்கிறாள். முதலிலேயே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் தலையில் கையை வைக்கிறார். அந்த வரியைத் தாண்டித்தானே அவள் சாகிற பக்கத்துக்குப் போயிருப்பீர்கள்? உங்களுக்கு எத்தனை மாசம்? இரண்டு மாசம். ராமநாதபுரத்தில் டாக்டரம்மா சொன்னபோது நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சின்னதா இருக்கு, இப்பவே எடுத்துட்டா நல்லது, தள்ளி மட்டும் போடாதீங்க என்று சொன்னார். என் இரண்டு காதாலும் கேட்டேன். நீங்களும் கேட்டீர்கள்.

சரி, இதெல்லாம் விவாதம். வழக்கமாக நாம் புத்தகத்துக்குச் சண்டை போடுவோமே, அந்த மாதிரி. இதில் நான் ஜெயித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆபரேஷனில் ஒன்றும் ஆகாது என்று சத்தியம் பண்ண நான் யார்? இனிமேல் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லமாட்டேன். எனக்கும் பயமாக இருக்கிறது அக்கா. ஆனால் ஒன்று. தங்கபுஷ்பத்தைச் சாகடித்தது அந்தப் புத்தகத்தை எழுதிய ஆள். அந்த ஆளுக்கு உங்களைத் தெரியாது. மண்டபம் முகாம் பக்கமே வந்திருக்கமாட்டார். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்தது டாக்டரம்மா. அந்தம்மா சொன்னதை விட்டுவிட்டு அந்த ஆள் சொன்னதைக் கேட்பேன் என்றால் எப்படி?

இன்று காலையில் குரூப்பிலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்று புத்தகத்தை முடிக்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று பெயரோடு சொன்னேன். உங்கள் விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை, அது நஸீஹாவுக்கு மட்டும்தான் தெரியும். நாகலெட்சுமி உடனே, அடிப்பாவி, உன்னையப் பாத்துத்தான நானும் ராவாப் பகலா முழிச்சுப் படிச்சேன் என்று கத்தினாள். மீனம்மாள் குரூப்பை விட்டே போய்விட்டாள். போகட்டும். எனக்கு இப்போது அதில் எல்லாம் வருத்தம் இல்லை.

பறிப்பு இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. பறித்தது களத்தில் காய்கிறது. பத்து நாள் மதுரையில் இருக்கப்போகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். போயிட்டு வா, மொளகாய நான் பாத்துக்கிறேன், நீ இங்கன இருந்து புலம்புறதுல மொளகாயே வெளுத்துப்போகும் என்றார். ஆஸ்பத்திரியில் கூட இருக்கப் பெண் ஆள் வேண்டும். தக்சிகாவுக்குப் பரீட்சை. அதனால் நான்தான். பாய், தலையணை, பிளாஸ்க், இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டேன். புத்தகம் எதுவும் எடுக்கவில்லை, உங்களிடம் எதையும் நீட்டுகிற தைரியம் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு ராமநாதபுரம் புது பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் நிற்கிற இடத்தில் நிற்பேன். ஐந்து மணிக்கு வரவில்லை என்றால் ஆறு மணி. ஆறுக்கு வரவில்லை என்றால் ஏழு. அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் முகாம் வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன், தக்சிகா வந்து என்ன சொன்னாலும் எழுந்திருக்கமாட்டேன். நான் எப்படிப்பட்ட பிடிவாதக்காரி என்று உங்களுக்குத் தெரியாததா?

உத்தரகோசமங்கை அம்மன் உங்கள் பக்கத்தை விட்டு நகராமல் இருக்கட்டும். நான் உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கோபத்தோடேயே வாருங்கள் அக்கா. என் முகத்தைப் பார்க்க வேண்டாம். மதுரை வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வாருங்கள், நான் வாயைத் திறக்கமாட்டேன். என்னை மன்னிக்கவும் வேண்டாம். ஆபரேஷன் முடிந்து, புண் ஆறி, உடம்பில் தெம்பு வந்து, தொண்டையைத் திறந்து கத்த முடிகிற ஒரு நாளில் சிக்கலுக்கு வாருங்கள். என் வீட்டு வாசலில் நின்று, தெருவெல்லாம் கூடிவிடுகிற மாதிரி என்னைத் திட்டுங்கள். ஒரு வார்த்தைகூடக் குறைக்கக் கூடாது. உங்களுக்கு மூச்சு வாங்கினால் தண்ணீர் கொண்டுவந்து தருகிறேன். குடித்துவிட்டு மறுபடியும் திட்டுங்கள்.

உங்கள் தங்கச்சி,
வீரலட்சுமி