முழங்கால் தண்ணீரில் ஒரு தரிசு

செவ்வாய் இரவு, புதுவாயல் அறை

இன்று பழவேற்காட்டு ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். கைப்பேசியில், அரசுக்காக நானே வரைந்த வரைபடம், நான் தரிசு நிலத்தில் நிற்பதாகக் காட்டியது. கோடையில் தண்ணீர் வற்றியிருந்தபோது எடுத்த செயற்கைக்கோள் படத்தை நம்பிக் கரையை வரைந்தது என் தப்பு. பக்கத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்த குப்பத்து தேவகி அக்கா எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, நாங்க எறா புடிக்கிற எடத்த தரையாக்கி வெச்சிக்கீற? எவனாவது கம்பெனி கட்ட வந்தா இன்னா பண்றது?”

நாளைக்கே மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டேன்.

எல்லாத் துறைகளுக்கும் பொதுவான வரைபடம் அது; துறைக்கு ஒரு லேயர், அதாவது ஒரு அடுக்கு. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மாற்றத்தான் மூன்று துறைகள் ஒப்புதல் தர வேண்டும். சாயங்காலம் மூன்று அலுவலகத்துக்கும் போன் போட்டேன். மூன்றிலும் ஒரே பதில்: “அது எங்க லேயர் இல்ல மேடம்.”

இதை யாரிடமாவது சொல்லலாம் என்று போனில் பெயர் தேடினேன். எல்லாம் அலுவலக எண்கள்.

திருத்தப் படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒப்புதல் கட்டங்கள் மூன்றும் காலி. வரைந்தவர் என்ற இடத்தில் மட்டும் என் பெயர் இருக்கிறது. கால்விரல் இடுக்கில் இன்னும் சேறு. அக்காவிடம் நாளைக்கு என்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.