பெரியப்பா தங்க வருகிறார்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து புகைமூட்டம். கண் எரிச்சல். ஜன்னல்களைச் சாத்தியாயிற்று.

அம்மா போனில்: "காசிக்குப் போயிட்டு வார வழியில பெரியப்பா டெல்லியில நாலு நாள் இருப்பாவளாம். சனிக்கிழமை வாராவ. ஒங்கிட்டதான் தங்குவாவ."

வாய் தானாகச் சொன்னது: "வீட்ல பெயிண்ட் அடிக்காங்கம்மா."

பொய். போனை வைத்த பிறகும் கை நடுங்கியது. எனக்கு முப்பத்தொரு வயது. கைக்கு ஒன்பது.

நவ. 12, புதன்

பால், பல்பு, மாஸ்க்.

குழுவில் கொடுத்த பயிற்சித் தாளை எடுத்தேன். (ஆண்கள் ஐந்து பேர். வாரம் ஒருமுறை. எல்லோருக்கும் சின்ன வயதில் நடந்தது.) 'நடந்ததை ஒரே வாக்கியத்தில், சத்தமாக.' குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முயன்றேன். 'பெரியப்பா' வரை வந்தது. பக்கெட் நிரம்பி வழிந்தது.

நவ. 13, வியாழன்

அம்மா மறுபடி, சந்தோஷமாக: "கவலய விடு. செல்வத்துக்கிட்ட பேசிட்டேன். எங்க வீட்ல தங்கட்டும்னுட்டான். தங்கமான புள்ள."

செல்வம் அண்ணன் எங்கள் ஊர்க்காரர். மேல் மாடி. மயூர் விஹாருக்கு வந்த முதல் மாதம் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. இரண்டே அறை. மகன் கவினுக்கு எட்டு வயது.

மாலை, லிஃப்டில் கவின்: "அங்கிள், ஊர்லேர்ந்து தாத்தா வர்றாராம். என் ரூம்லதான் தூங்குவாராம். கதை சொல்வாரா? அச்சா கதை, நல்ல கதை?"

எனக்கும் கதையில்தான் ஆரம்பித்தது.

நவ. 14, வெள்ளி

ஆபீஸ் போகவில்லை. இரண்டு முறை வாந்தி.

பயங்கள்: அம்மா அழுவாள். பெரியப்பா மறுப்பார், அவரைத்தான் நம்புவார்கள். அண்ணன் சிரிப்பார். இனி என்னையும் கவின் பக்கத்தில் விடமாட்டார்.

கடைசியதுதான் மாடி ஏறவிடாமல் நிறுத்தியது.

ஆறு மணிக்கு மேலே போனேன். கவின் கீழே விளையாட்டில். அண்ணன் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாலே! பெயிண்ட் அடிக்கியாமே, வாசமே வரல? தண்ணியிலயா அடிக்க?"

"பெயிண்ட் இல்லண்ணே."

குரல் பாதியில் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து. "ஒம்பது வயசுல பெரியப்பா எங்கிட்ட தப்பா நடந்தாவ. ரொம்ப நாளு. கவின் ரூம்ல விடாதீங்க."

சிரிக்கவில்லை. உறையைக் கழற்றினார். மடித்தார். "நாளைக்கு ஸ்டேஷனுக்கு நான் போறேன். நீ வெளிய வராத."

நவ. 15, சனி

கதவு பூட்டி. போன் மேஜைமேல். அம்மாவின் அழைப்பு நான்கு முறை, எடுக்கவில்லை. லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன்.

பதினொன்றரைக்கு அண்ணன் போனில்:

"லாட்ஜ்ல விட்டுட்டேன். எங்க வீட்டுக்கு வர வேண்டாம்னேன். ஏன்னு ஒரு வார்த்த கேக்கலலே அந்த மனுசன்."