நெய் அடங்கும் சத்தம்

சௌபாக்கியவதி அம்மிணிக்கு,

பெருமாள் புண்ணியத்தில் ராசிபுரத்தில் எல்லோரும் சுகம். எருமை கன்று போட்டிருக்கிறது. உன் வீட்டுக்காரன் வாய் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போகிறான்.

நீ கோபித்துக்கொண்டு மோகனூருக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகு வெண்ணெயை நானே நாலு தண்ணீர் கழுவி உருக்கினேன். அந்த நெய்யும் பத்தே நாளில் சிக்கு வாடை அடித்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கோயிலில், "ஏனுங்க சாமி, மணியடிக்காம தீபாராதனை காட்டறீங்க?" என்று கேட்டுவிட்டேன். பெண்டுகள் சிரித்தார்கள். அர்ச்சகர் குனிந்து, "அடிச்சுக்கிட்டேதானம்மா இருக்குது!" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நெய் உருக்கிய தேதிகளை எழுதும் நோட்டைப் புரட்டினேன். நெய் கெடத் தொடங்கியது போன ஆடியில். நீ இந்த வீட்டுக்கு வந்ததோ அதற்குப் பிறகு, தையில்.

சடசடப்பு அடங்கியதும் நெய்யை இறக்குவது என் வழக்கம். அடங்காததையே அடங்கியதாக நினைத்து, ஈரத்தோடு இறக்கியிருக்கிறேன். உறவுக்காரர்கள் முன்னால் உன்னை, "வெண்ணெய் கழுவத் தெரியாதவ, கூப்பிட்டா வாயத் தொறக்காத திமிரு புடிச்சவ" என்றேன். நீ பதில் சொல்லித்தான் இருப்பாய். எனக்குத்தான் கேட்டிருக்காது.

"முருங்கை இலை மொறுமொறுன்னு ஆனதும் எறக்குங்க அத்தை" என்று நீ ஒருநாள் சொன்னபோது, எனக்கே பாடமா என்று சீறினேன். இப்போது இலையைப் பார்த்துத்தான் இறக்குகிறேன். இருபது நாளாகியும் நெய் மணக்கிறது.

அந்த உறவுக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். தப்பு என்னுடையது என்று அவர்களிடம் சொல்லப்போகிறேன். அப்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். வந்ததும் என் முன்னால் நின்று பேசு, அம்மிணி. திட்டுவதானாலும் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேன்.

இடது காதில் மட்டும் கொஞ்சம் கேட்கும்,
உன் அத்தை