பதினெட்டு மாதச் சம்பளச் சீட்டு

ஜனவரி 7, ஞாயிறு

வாரத்தின் முதல் வேலை நாளிலேயே டிசம்பர் மாதச் சம்பளச் சீட்டுகளை அடித்து முடித்தேன். நூற்று நாற்பத்தொரு பேர். கண் எரிகிறது. வருடம் பிறந்துவிட்டதால் எல்லாரிடமும் புதிதாக வரிப் படிவம் வாங்க வேண்டும். ஒருவரும் ஒழுங்காக நிரப்ப மாட்டார்கள்.

ஒத்தாரி இன்றும் முதுகைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தார். வைத்துவிட்டுப் போன பீன்ஸ் அப்படியே இருந்தது. "சூடு பண்ணிக் குடுக்க ஆளில்லியே" என்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறதென்று இன்னும் தெரியாது மனுஷருக்கு.

ஜனவரி 10

மாவுப் பிரிவு எர்னான் என் ஜன்னலுக்கு வந்தான். அர்ஜென்டினாக்காரன். ரொசாரியோவில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், இங்கே இஸ்ரேலில், அஷ்தோத் ஊர்த் தொழிற்சாலையில், எங்களோடு பூரேகாஸ் என்ற பப்ஸ் மடிக்கிறான். சம்பளச் சீட்டை நீட்டி, வருமான வரிப் பிடித்தத்தின் மேல் விரலை வைத்தான்.

"சியாலாக்கா, இது... இவ்ளோ பிடிக்கிறது சரிதானா?"

"எல்லாருக்கும் இதான் தம்பி. போகப் போகப் பழகிடும்."

அவன் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். தலையாட்டிவிட்டுப் போனான்.

ஜனவரி 23

மழை. பேருந்து வரவில்லை. நடந்தே வந்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

எப்படி எழுதுவது?

புதுப் படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எர்னானின் படிவத்தில் 'புதுக் குடியேறி' கட்டத்தில் டிக் போட்டிருந்தது, வந்த தேதியோடு. கணினியில் அந்த இடம் காலி. போன முறை எழுதாமல் விட்டிருப்பான் என்று பழைய கோப்பை எடுத்தேன். அதிலும் டிக். குடியேறிச் சான்றிதழின் நகலைக்கூடக் குத்தி வைத்திருந்தான். நான் வாங்கினேன் என்று என் கையெழுத்து.

அவன் இந்த நாட்டுக்கு வந்து வேலைக்கும் சேர்ந்த ஜூலை. ஒத்தாரிக்கு முதுகில் அறுவை நடந்த வாரம். ஒரே மத்தியானத்தில் பதினொரு படிவம் ஏற்றினேன். ஒரு கட்டத்தைத் தவறவிட்டேன். போன ஜனவரியில் படிவம் வந்தபோதும் பழைய பதிவையே அப்படியே விட்டுவிட்டேன். அவ்வளவுதான் — அவ்வளவுதானா?

வந்தவர்களுக்கு முதல் வருடம் மாதம் ஒரு சலுகைப் புள்ளி, அடுத்த ஒன்றரை வருடம் மூன்று. புள்ளி ஒன்றுக்கு இருநூற்று நாற்பத்திரண்டு ஷெக்கல் வரியில் குறையும். பதினெட்டு மாதமாக இவனுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. ஏழாயிரத்து இருநூற்று அறுபது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

சீட்டை நீட்டிக் கேட்டானே. நிமிர்ந்து பார்த்தேனா நான்?

பிப்ரவரி 5

மேலாளர் அவ்னேரிடம் சொன்னேன். நாற்காலியைக்கூடத் திருப்பவில்லை.

"இந்த மாசத்துலேர்ந்து சரி பண்ணிடு. முடிஞ்சு போன வருஷத்தை நாம தொட முடியாதுல்ல?"

"முடியாது. அவனேதான் வரி ஆபீசுக்கு எழுதிப் போட்டு வாங்கணும். அதுக்கு அவனுக்கு விஷயம் தெரியணும்."

"தெரிய வேண்டாம். இன்னிக்கு இவன்கிட்ட தப்புன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு நாப்பது பேரு வாசல்ல நிப்பான். வாயைத் திறக்காத சியாலா. ரிட்டயர் ஆக உனக்கு எத்தனை வருஷம்?"

நாலு.

வீட்டில் ஒத்தாரியும் அதையேதான் சொன்னார். "உன் வேலை போனா நாம எதைத் தின்றது? அவன் சின்ன வயசு, சம்பாதிச்சுக்குவான்." நான் பாத்திரம் கழுவினேன்.

பிப்ரவரி 7

சாப்பாட்டு அறையில் ஸோஹாரா பக்கத்தில் உட்கார்ந்தாள். மாவுப் பிரிவு அவள் மேற்பார்வையில்தான்.

"என் வாத்தியாரு எர்னான் மார்ச்சோட கிளம்புறாரு. பொண்டாட்டி நவம்பர்லயே பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டா. வாடகை கட்ட முடியலியாம். மாசம் ஒரு ஐந்நூறு கூட வந்திருந்தா சமாளிச்சிருப்போம்னு அன்னிக்குச் சொல்லிட்டிருந்தான், பாவம்."

நவம்பரில் அவனிடம் கூடுதலாகப் பிடித்தது எழுநூற்று இருபத்தாறு ஷெக்கல்.

பிப்ரவரி 8, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ஷிப்டு முடிந்ததும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். இரண்டு படிவங்களையும் எதிரே வைத்து, "உன் மேல தப்பில்ல. நான்தான் ஏத்தாம விட்டேன்" என்றேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கூட்டல் போட்ட தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வரிசையாக ஒவ்வொரு மாதமாக. நவம்பரில் விரல் நின்றது.

"அந்த மாசம் என் பொண்டாட்டியை நான் என்ன கேட்டேன் தெரியுமா அக்கா? காசு எங்கடி போகுதுன்னு கேட்டேன். உன் அம்மாவுக்கு ஒளிச்சு அனுப்புறியான்னு கேட்டேன். சம்பளம் சரியாத்தான் வருதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, நீதான் எடுக்குறேன்னேன்."

ஆபீஸில் சொன்னது நான். ஜனவரியில் மட்டுமில்லை, முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறான் போல. எனக்கு நினைவேயில்லை.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மத்தியான இடைவேளையில் வந்தான். கையில் போன். "இதை நீங்களே அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா கதை கட்டுறேம்பா."

அங்கே காலை எட்டு மணி. பவோலா தலைகூட வாரவில்லை. கையில் மாத்தே தேநீர்க் குடுவை. நான் எபிரேயத்தில் சொல்ல, அவன் ஸ்பானிஷில் சொன்னான். எனக்கு மொழி புரியாது, ஆனால் நான் சொன்னதைவிட நீளமாகப் பேசினான் என்பது புரிந்தது. அவள் குறுக்கே பேசவேயில்லை. கடைசியில் இரண்டு வாக்கியம் சொன்னாள்.

"என்னப்பா சொல்றா?"

"உங்ககிட்ட சொல்லச் சொல்றா. கணக்குல வந்த தப்பு உங்களுது, பரவாயில்லையாம். அவளைத் திருடின்னு சொன்ன வாய் என்னோடதாம்."

போனை வைத்துவிட்டாள். அவன் நேரே மாவுப் பிரிவுக்குப் போனான். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில் கம்பெனிக் கழிப்பறையில் அழுகிறேன். நல்ல அழகு.

பிப்ரவரி 14

வரி ஆபீசில் காட்ட, 'பிழை எங்களுடையது' என்று கடிதம் அடித்து, முத்திரை போட்டு, கையெழுத்திட்டு எர்னானிடம் கொடுத்தேன். எல்லாக் கோப்புகளையும் திரும்பப் புரட்டினேன். இதே பிழையில் இன்னும் இரண்டு பேர். அவர்களுக்கும் கொடுத்தேன்.

பிப்ரவரி 18

அவ்னேருக்குத் தெரிந்துவிட்டது. "உன்னை நம்பினேன் பாரு!" என்று மேசையைத் தட்டினார். கூடம் முழுக்கக் கேட்டது.

மார்ச் 12

எர்னான் கிளம்பவில்லை. வரிப் பணம் வரும்வரை இருக்கிறானாம். நடையில் எதிரே வந்தால் தலையசைக்கிறான். பேசுவதில்லை.

மே 1

சம்பளக் கணக்கு இன்றிலிருந்து வெளி அலுவலகத்திடம். என்னைக் கிடங்கு வாசலில் போட்டிருக்கிறார்கள். லாரி எண், வந்த நேரம், போன நேரம். சம்பளமும் குறைவு. போன வாரம் இதைச் சொன்னதும் ஒத்தாரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பீன்ஸைத் தானே சூடு பண்ணிக்கொண்டார். அடியில் கருகியிருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

ஜூன் 20

எர்னானுக்குப் பணம் வந்துவிட்டதாம். முழுவதையும் ரொசாரியோவுக்கு அனுப்பிவிட்டானாம். பவோலா வாங்கிக்கொண்டாள், பதில் போடவில்லை. ஸோஹாரா சொன்னாள். வாசலில் நின்று நின்று வந்த என் கால் வீக்கம் வடியவேயில்லை.

ஜூலை 28

வெயில். முப்பத்தெட்டு லாரி.

ஆகஸ்ட் 13

எர்னான் வாசலுக்கு வந்தான். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக எதிரே உட்கார்ந்தான்.

"பவோலா ஒண்ணு கேக்குறா. இங்க ரெண்டு பேரும் வேலை பார்த்தா மாசம் கைக்கு எவ்ளோ வரும், அது எப்பெப்போ குறையும்னு. நான் சொன்னா நம்ப மாட்டாளாம். அந்தம்மா எழுதிக் குடுத்தா நம்புறேங்குறா."

"இப்ப நான் லாரி எண்ணுறவ தம்பி."

"அதையும் சொன்னேன். பரவாயில்லியாம்."

லாரிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு தாள் கிழித்தேன். இருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். டிசம்பர் வரை மூன்று புள்ளி. வரும் வருடம் இரண்டு. அதற்கடுத்த வருடம் ஒன்று. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் கைக்கு வருவது எவ்வளவு குறையும் என்று எழுதினேன். பிள்ளையின் பள்ளிச் செலவைத் தனியாகப் போட்டேன். கூட்டியது சரிதானா என்று பார்த்தேன், மறுபடி பார்த்தேன். இரண்டு லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அடிக்கட்டும்.

கடைசி வருடத்தில் பார்த்தால் கணக்கு இழுத்துப் பிடித்துத்தான் நிற்கிறது. அதையும் மறைக்காமல் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.

எர்னான் படித்தான். "கடைசி வரி பயமுறுத்துது அக்கா."

"உண்மை அதான்."

படமெடுத்து அனுப்பினான்.

ஆகஸ்ட் 29

காலையிலிருந்து லாரி வரிசை தெருமுனை வரை. மாவுப் பிரிவில் ஆள் ஒன்று குறைவு என்று ஸோஹாரா கத்திக்கொண்டிருந்தாள். யார் வரவில்லை என்று கேட்டேன்.

"உன் வாத்தியாருதான். விமான நிலையத்துக்குப் போயிருக்கான், கூட்டிக்கிட்டு வர. நேத்தே முகச்சவரம் பண்ணிக்கிட்டான், பைத்தியம்."