இடப்பக்கம் திருப்பிப் பார்க்காத வண்டி

என் உசுருக்கு உசுரான மாப்பிள்ளை மாதையா,

மண்ணுக்குள்ள போனவனுக்குக் கிழவன் கடுதாசி போடறான்னு ஊர் சிரிச்சாலும் சிரிக்கட்டும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதறவ உன் மகள் காவேரி. நீ போனப்ப அஞ்சு மாசமா வயித்துல இருந்தவ. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆயிட்டா, மாப்ளே.

உன் பொண்டாட்டி, என் தங்கச்சி சின்னத்தாயி இருக்கா. கண்ணு மங்கிப்போச்சு, கோவம் மங்கலை. "குடிச்சுட்டு மலையில உருண்ட மனுசனுக்குப் படையல் ஒரு கேடா"ன்னு இத்தனை வருசத்துல உனக்கு ஒரு எலை போட்டதில்லை. அதைப் பத்தித்தான் பேசணும். ஊருக்கும் கேக்கட்டும்னுதான் எழுதச் சொன்னேன்.

உலகச் சண்டை முடிஞ்ச வருசம் நீ வேலை பார்த்த புளி மண்டிக்காரர் பட்டாளத்து ஏலத்துல ரெண்டு மோட்டார் சைக்கிள் எடுத்தாந்தாரு. ஒண்ணுக்கு எஞ்சின் நல்லா இருந்தது, ஆனா முன்சக்கரத்தைத் தாங்கற கவை, அதான் போர்க், ஸ்பிரிங் வச்ச பழைய மாதிரி. இன்னொண்ணுக்கு எஞ்சின் செத்துப்போச்சு, ஆனா போர்க் புது மாதிரி. குழாய்க்குள்ள குழாய், உள்ளுக்குள்ள எண்ணெய், அமுக்கினா மெத்துனு இறங்கும். நீ நல்ல எஞ்சின் வண்டியில வத்தல்மலை ஏறி சாமைக்கும் தேனுக்கும் பேசி முடிச்சுட்டு வருவே. தடமெல்லாம் கல்லு, பழைய போர்க் கையை ஒதறித் தள்ளும். வூட்டுக்கு வந்தா சோத்தைப் பிசைய விரல் மடங்காது, சின்னத்தாயி ஊட்டி விடுவா. "நான் கட்டிக்கொடுத்தது மாப்பிள்ளைக்கா, கைக்குழந்தைக்கா"ன்னு கேலி பண்ணுவேன்.

நீதான் ஆரம்பிச்சே. "மச்சான், செத்த மாட்டோட முன்னங்காலை எடுத்து நம்ம மாட்டுக்கு வச்சுட்டா என்ன?"

"காலை வச்சுடறேன். நடக்கறது உன் பாடு."

பாப்பாரப்பட்டியில என் பட்டறையில மூணு நாள் வேலை. புது போர்க்கோட தண்டு நம்ம வண்டித் தலைக்குழாயில லொடலொடன்னு ஆடிச்சு. பித்தளையில வளையம் மாதிரி புஷ் கடைஞ்சு இடைவெளியில அடிச்சேன், கச்சிதமா உக்காந்துச்சு. ஆனா ஹேண்டில்பார் நாலு விரக்கடை ஒசந்துபோச்சு. வலது கைப்பிடியில இருந்து எஞ்சினுக்குப் போற ஆக்சிலேட்டர் கம்பி விண்ணுனு நின்னுச்சு.

நீ விரலால சுண்டிப் பார்த்தே. "நீளம் பத்தலை போலிருக்கே மச்சான்."

"சேலம் போறப்ப வேற வாங்கியாறேன். நொட்டை சொல்லாம ஓட்டு."

இந்த வாயாலதான் சொன்னேன்.

புதுசா எதை மாட்டினாலும் முனியப்பன் கோயிலை மூணு சுத்து சுத்திட்டுத்தானே வண்டியைக் கொடுப்போம்? எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு நீ சுத்தினே. மேடும் பள்ளமுமா இருந்த அந்தத் திடல்ல வண்டி தண்ணியில போற மாதிரி போச்சு. நானும் ஒரு தடவை சுத்தினேன். எஞ்சின் ஒரே சீரா ஓடிச்சு. ரெண்டு பேருக்கும் திருப்தி.

சாமியை யாராவது இடமா சுத்துவாங்களா? வலமாத்தான் சுத்தினோம். வலப்பக்கம் ஒடிச்சா கைப்பிடி எஞ்சின் பக்கம் வரும், கம்பி தளந்துக்கும். இடப்பக்கம் நல்லா ஒடிச்சா கைப்பிடி விலகிப் போகும், கம்பியை இழுக்கும், நீ முறுக்காமலே எஞ்சின் சீறும். அந்தப் பக்கம் ஒரு தடவை ஒடிச்சுப் பார்க்க எனக்கு ஏன் தோணலை?

மறுநாள் காலையில மலை ஏறினே. மத்தியானம் மலைக்காரர் வெள்ளையன் மூச்சு வாங்க ஓடியாந்தாரு. "இறங்கறப்பங்க, இடது கை வளைவுங்க. திரும்பினாரு, வண்டி உறுமிக்கிட்டு ஓரத்துக்குப் பாஞ்சிடுச்சு. காலை ஊனிப் பார்த்தாரு, நிக்கலைங்க. காலையில மேல வந்தப்பகூட 'வண்டி தானா ஏறுது வெள்ளையா'ன்னு சிரிச்சாருங்களே."

அதைக் கேட்டு ஊர் சொல்லிச்சு: "தானா ஏறுற வண்டியா? மலைச்சாராயம் பேசியிருக்கு."

எனக்கு மட்டும் விண்ணுனு நின்ன அந்தக் கம்பி ஞாபகம் வந்துச்சு. உன்னை மண்ணுல வச்ச பொறவு நசுங்கின வண்டியைப் பட்டறைக்குக் கொண்டாந்தாங்க. ஹேண்டிலை இடப்பக்கம் ஒடிச்சேன். எஞ்சின் பக்கம் கம்பி நுனி ஒரு விரல் மேல எழும்பிச்சு. மலை ஏறறப்ப அந்த இழுப்பு உனக்குத் தொணையா இருந்திருக்கு. இறங்கறப்ப கொன்னிருக்கு.

மண்டிக்காரர் வந்தாரு, உங்கப்பன் வந்தாரு, சின்னத்தாயி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாசப்படியில நின்னா. மண்டிக்காரர்தான் கேட்டாரு: "வண்டியில ஏதாச்சும் கொறை உண்டா கோவிந்தா?"

"ஒரு கொறையும் இல்லீங்க."

அவங்க போனதும் கம்பியைக் கழட்டி உலையில போட்டேன். பட்டறை போயிடும்னு பயந்தேனா, தங்கச்சி மூஞ்சில முழிக்க முடியாதுன்னு பயந்தேனா, இன்னிக்கும் தெரியலை. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையில நீ குடிகாரன் ஆயிட்டே. சொட்டு வாயில வச்சதில்லை நீ.

இந்த எடத்துல காவேரி பேனாவைக் கீழ வச்சுட்டா. அப்பறம் சொன்னா: "குடிகாரன் மவளேன்னு பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்க மாமா. உங்க பட்டறைக்கு வந்துதான் அழுதேன். நீங்க பொரிகடலை வாங்கிக் கொடுத்தீங்க."

"ஆமா. அதையும் எழுதும்மா."

எழுதினா. எழுதிட்டு, "அம்மாவுக்கு இதை நான் படிச்சுக் காட்ட மாட்டேனுங்க. நீங்களே வாயால சொல்லுங்க" அப்படின்னா. என் மூஞ்சியைப் பார்க்கலை.

சின்னத்தாயி உள்ள கூழு குடிச்சுக்கிட்டிருக்கா. குடிச்சு முடிக்கட்டும். அவ எதிர்ல உக்காந்து சொல்லிடறேன், மாப்ளே. பொழுது சாயறதுக்கு முந்தி, ஒரு வார்த்தை மறைக்காம. காறித் துப்பினா தொடைச்சுக்க மாட்டேன். இந்த வூட்டை விட்டுப் போடான்னா போறேன். அவ கண்ணை மூடறதுக்குள்ள, நீ குடிக்கலைங்கறது அவ காதுல விழுந்துடும். இது சத்தியம்.

உன் பொண்டாட்டியோட அண்ணன், உன் மச்சான்,
கோவிந்தன் (கைநாட்டு)