ஞாயிற்றுக்கிழமை ஆயில்

கவரைப்பேட்டை
நவம்பர் 6

அன்பு மகள் ஹெலனுக்கு,

கர்த்தருடைய தயவால் நானும் அம்மாவும் சுகம், நீயும் குவைத்தில் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, என் சட்டைக் காலரில் அழுக்கு இருப்பதை இப்போது வாசலிலிருந்தே சொல்கிறாள். மழையில் பின்சுவர் ஊறியிருக்கிறது, விழாது. போனில் பேசினால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

பதினெட்டாம் தேதி விடியற்காலை இறங்கும்போது டாக்ஸி வைத்துக்கொள்கிறேன், அந்தக் காரை நம்ப முடியாது என்று சொன்னாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான்கு வருஷம் கழித்து வரும் மகளை நான் போய்க் கூட்டிவர வேண்டும், எனக்கு அந்த ஆசை இருக்கிறது. ஆனால் நீ சொன்னதும் நியாயம்தான். இரண்டு மாதமாகக் காலையில் சாவி போட்டால் கார் இருமிக்கொண்டே இருந்தது, கிளம்பினால் நீலப் புகை. போன மாதம் ஒரு நாள் கிளம்பவே இல்லை, அம்மாவின் கண் செக்கப் தவறிப்போனது. பேட்டரி மாற்றியும் பயனில்லை. போன வருஷம் இன்ஜினைத் திறந்த மெக்கானிக் அன்புராஜ்தான் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீலை ஒழுங்காகப் போடவில்லை என்று டீக்கடையில் நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் சொன்னால் எல்லாரும் நம்பத்தானே செய்வார்கள். அன்புராஜ் என்னோடு பேசுவதை விட்டுவிட்டான்.

போன வாரம் அம்மாவே அவனுக்குப் போன் செய்து வரவழைத்தாள். வந்தவன் என்னைப் பார்க்காமலே மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினான். மூன்றும் எண்ணெயில் குளித்துக் கறுப்பாக இருந்தன, அப்படி இருந்தால் பொறி எப்படி வரும். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்றேன். கேஜை வைத்து கம்ப்ரஷன் பார்த்தான், ரிங் தேய்ந்திருந்தால் அழுத்தம் குறையும், மூன்று சிலிண்டரும் சரியாக இருந்தன. வால்வு சீல் கசிந்தால் ஆயில் நேரே சிலிண்டருக்குள்தான் போகும், ஏர் ஃபில்டர் ஏன் நனைந்திருக்கிறது என்று அதையும் கழற்றிக் காட்டினான். கடைசியில் ஆயில் அளக்கும் கம்பியை உருவினான், ஆயில் மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை நின்றது. அப்போதுதான் என்னைப் பார்த்து, இன்னா சார், எப்ப பாத்து ஊத்திக்கினு இருந்தீங்க என்றான். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, காரை நிறுத்தினதும் பார்ப்பேன், குறைவாகக் காட்டினால் அரை டம்ளர் ஊற்றுவேன் என்றேன். நிறுத்துன ஒடனே பாத்தா ஆயிலு மேலயே நிக்கும் சார், கீழ எறங்க கொஞ்ச நேரம் வுட வேணாமா என்றான். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வடித்தெடுத்தான். அதிகமான ஆயில்தான் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய் வழியாகப் போய் பிளக்கை நனைத்திருக்கிறது. அவன் பிசகு எதுவும் இல்லை. அன்று சாயங்காலமே அதே டீக்கடையில், அதே ஆட்கள் எதிரில், தப்பு என்னுடையது என்று சொன்னேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது.

ஏன் அப்படி ஊற்றினேன் என்று அம்மா கேட்டாள், அவளிடம் சொல்லவில்லை. நீ கிளம்பிய அன்று ஏர்போர்ட் வாசலில், நைனா, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஆயில் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ எனக்கென்று விட்டுப்போன வேலை அது ஒன்றுதான். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நீ பார்க்கத்தான் சொன்னாய், ஊற்றச் சொல்லவில்லை.

புது பிளக் போட்டு ஆறு நாள் ஆகிறது, ஆறு நாளும் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் சாவி போட்டுப் பார்த்தேன், ஒரே திருப்பில் கிளம்புகிறது. அம்மாவுக்கு மாத்திரைப் பெட்டி கொண்டுவர மறக்காதே. பத்திரமாக வா, உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காப்பார். டாக்ஸி வேண்டாம். டிக்கியில் நான்கு வருஷமாகக் கிடந்த ஆயில் கேனை எடுத்துவிட்டேன், உன் பெட்டி வைக்க இடம் இருக்கிறது.

உன் அப்பா
மோசஸ்