மர்செய்யில் ஒட்டகங்கள்

786
மர்செய் துறைமுகம்
8-3-1964

அன்பு மனைவி கைருன்னிசாவுக்கு ஹபீப் முகமது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். உன் சுகத்துக்கும் மாமா மாமி சுகத்துக்கும் துஆ செய்கிறேன்.

எங்கள் கப்பல் நேற்று பிரான்சின் மர்செய் வந்து சேர்ந்தது. சமையற்கட்டில் இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைத்ததும் உனக்காகவே ஊரைப் பார்க்கப் போனேன். குன்றின் மேல் பெரிய மாதா கோயில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் உள்ளங்கையில் தெரிகிறது. படியிறங்கி வந்தால் கடைத்தெரு. வழிநெடுகப் பேரீச்சம்பழக் குவியல். கழுத்தில் மணி கட்டிய ஒட்டகங்கள் வரிசையாகப் போகின்றன. ஒட்டகக்காரர்கள் பயணிகளின் கையைப் பிடித்து இழுத்துச் சவாரிக்குக் கூப்பிடுகிறார்கள்.

கப்பல் கடிதங்களை மொத்தமாகத் தூலோனில்தான் தபாலில் சேர்ப்பார்கள். முத்திரையைப் பார்த்துக் குழம்பாதே. இன்னொரு வருத்தமான செய்தி: நீ தைத்துக் கொடுத்த ‘பதினான்கு துறைமுகங்கள்’ புத்தகம் தொலைந்துவிட்டது. உன் பயணக் காகிதங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஊர் ஊராக அலையும் கப்பல் சமையற்காரனுக்கு நிலையான வீடு ஏது? கரையில் வேலை கிடைத்ததும் உன்னை அழைத்துக்கொள்கிறேன்.

உன் அன்புக் கணவன்,
ஹபீப் முகமது

786
சுல்தான்பேட்டை, வில்லியனூர்
2-4-1964

அன்புள்ள மச்சானுக்கு உங்கள் கைருன்னிசாவின் சலாம்.

கடிதம் கிடைத்தது. வழக்கம்போல் தெருப் பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துகொண்டு வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். உங்கள் பெண்டாட்டி என்றால் இப்போது இங்கே தனி மரியாதை.

புத்தகம் போனது வருத்தம்தான். நிக்காஹ் ஆன வருடம் முழுக்க நான் வாசிக்க நீங்கள் கேட்ட புத்தகம். படிப்பகத்து அப்துல் சமது காக்காவிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காமலே விட்டோம். ஏடு ஏடாகக் கழன்று கிடந்ததை ரவிக்கை தைக்கும் நூலால் நான்தான் தைத்துக் கொடுத்தேன். அதில் உள்ள ஊர்களை நினைத்துக்கொண்டே நான் தூங்கிய நாட்கள் உங்களுக்குத் தெரியும். நீங்கள் பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டபோது மாமி அழுதார். அழாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். நானும் வருவேன் என்று நினைத்தேன்.

மர்செய்யில் ஒட்டகம் இருப்பது எனக்குப் புதுச் செய்தி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊரையும் எழுதுங்கள். காகிதங்களை மறந்துவிடாதீர்கள்.

உங்கள்,
கைருன்னிசா

786
தூலோன்
11-8-1982

அன்பு கைருன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பதினொரு வருடம் கழித்து எழுதுகிறேன். திட்டாமல் படி. இங்கே நான் கட்டிக்கொண்டவள் போன வருடம் காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இருவரும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். எனக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது. ஊருக்கே திரும்பி வந்து உன்னோடு இருக்க ஆசைப்படுகிறேன்.

வெறுங்கையோடு வந்தால் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியும். அதனால் ஒரு யோசனை. நான் உனக்கு எழுதிய பதினான்கு கடிதங்களையும் நீ பத்திரமாக வைத்திருப்பாய். அவற்றை ஒரு பயண நூலாகப் போடலாம். வில்லியனூர்ப் பெரியவர்களுக்கும் எழுதிவிட்டேன். பொங்கல் முடிந்ததும், ஜனவரி 16 ஞாயிற்றுக்கிழமை விழா வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கடிதங்களைப் புதுச்சேரியில் நல்ல அச்சகமாகப் பார்த்துக் கொடு. அச்சுச் செலவுக்கு அனுப்புகிறேன்.

பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. நமக்கும் வயதாகிறது.

ஹபீப் முகமது

786
வில்லியனூர்
5-9-1982

மச்சானுக்கு சலாம்.

கடிதங்கள் பதினான்கும் பத்திரம். ஒரு ஓரம்கூட மடங்கவில்லை.

தையல் மெஷினில் உட்கார்ந்தே என் முதுகு வளைந்துவிட்டது. ஆனாலும் இந்த வேலையை நானே முன்னின்று செய்கிறேன். அச்சகத்துச் சூசைநாதன் நல்ல மனிதர், சொன்னபடி செய்து கொடுப்பார். பிழை திருத்த உங்களுக்கு அனுப்பித் திரும்ப வரவழைக்க நாள் போதாது. அந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள். நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தையைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். உங்கள் முன்னுரையையும் ஒரு போட்டோவையும் அனுப்பினால் போதும்.

விழாவில் முதல் பிரதியை வாங்கிக்கொண்டு பேச ஒரு பெரிய மனிதர் வேண்டும் அல்லவா? அப்துல் சமது காக்காவைக் கேட்டேன், ஒத்துக்கொண்டார். எழுபத்தாறு வயதாகியும் கண்ணும் ஞாபகமும் கூர்மையாக இருக்கின்றன.

கைருன்னிசா

786
தூலோன்
20-10-1982

அன்பு கைருன்னிசாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். இவ்வளவு நடந்த பிறகும் எனக்காக ஓடியாடுகிறாய். உன் மாதிரிப் பெண் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

முன்னுரை இத்துடன் இருக்கிறது. அதில் உன்னைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்: ‘என் மனைவி வில்லியனூர் எல்லையைத் தாண்டாதவள். கடல் என்றாலே அவளுக்குப் பயம். எவ்வளவு அழைத்தும் வர மறுத்தாள். அந்தப் பேதைக்கு உலகத்தைக் காட்டுவதற்காகவே ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கிப் பார்த்து எழுதினேன்.’ படிக்கிறவர்களுக்கு உருக்கமாக இருக்கட்டும் என்று இப்படி எழுதினேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அட்டையில் ‘உலகம் கண்ட ஹபீப் முகமது’ என்று போடச் சொல்.

ஜனவரி 15 அன்று வந்து சேருவேன். முதல் நாள் தம்பி ஜலாலுதீன் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். விழா முடிந்ததும் மாலையோடு நம் வீட்டுக்கு வருகிறேன்.

ஹபீப்

786
வில்லியனூர்
13-1-1983

மச்சானுக்கு,

இதை அப்துல் சமது காக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். விழா முடிந்த பிறகு உங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதனால் நீங்கள் இதைப் படிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். வலது பக்கம் முழுக்க உங்கள் கடிதங்கள். நான் சொன்னபடி ஒரு வார்த்தையைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இடது பக்கம் முழுக்க ‘பதினான்கு துறைமுகங்கள்’. புதுச்சேரிப் பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்தது. வரிக்கு வரி எதிரெதிரே வரும்படி சூசைநாதன் கோத்துக் கொடுத்தார். உங்கள் முன்னுரையையும் அப்படியே போட்டிருக்கிறேன். அதற்கு எதிர்ப்பக்கத்தில் மட்டும் என் வாக்குமூலம் நான்கு வரி இருக்கிறது. நான் வர மறுக்கவில்லை, இந்த மனிதர் அழைக்கவில்லை என்று.

எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். 1964-லேயே தெரியும். ஒட்டகத்தை வைத்துத்தான் தெரியும். அந்தப் புத்தகத்தைத் தைத்தவள் நான். நீங்கள் புறப்படும் அவசரத்தில் எகிப்தின் போர்ட் சயீத் பகுதியின் ஒரு தாளை மர்செய் பகுதிக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். நீங்கள் போன பிறகுதான் நினைவு வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் உங்கள் கடிதம் வருகிறது. மாதா கோயில் குன்றிலிருந்து இறங்கினால் ஒட்டகம் நிற்கிறது. என் தையல் பிழையை அப்படியே காப்பி அடித்து எனக்கே அனுப்பியிருந்தீர்கள்.

அன்று தெருப் பெண்களுக்கு வாசிக்கும்போது ஒட்டகத்தை விட்டுவிட்டேன். உங்கள் மானம் என் மானம் என்று நினைத்த காலம் அது. எனக்குக் கோபமே வரவில்லை. எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து கஷ்டப்படுகிறார், என்னை ஏமாற்றமடைய விடக்கூடாது என்று ராத்திரியெல்லாம் பார்த்து எழுதுகிறார், எவ்வளவு ஆசை என் மேல் என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன் மச்சான். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

1971-ல் ஜலாலுதீன் பிரான்சிலிருந்து லீவில் வந்து சொன்னான். “அண்ணன் கப்பல்லயே ஏறல அண்ணி. வந்த நாள்லேருந்து தூலோன்ல ஒரே சமையக்கட்டுல வெங்காயம் உரிக்கிறாரு. வூடு இருக்கு, ரெண்டு புள்ளைங்க இருக்கு” என்றான். அப்போதுதான் புரிந்தது. நிலையான வீடு இல்லை, ஊர் ஊராக அலைகிறேன் என்று சொல்லி என்னை இங்கேயே உட்கார வைக்கத்தான் அந்தப் புத்தகம் பயன்பட்டிருக்கிறது. உலகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை எனக்குக் கொடுத்ததே அந்தப் புத்தகம். அதை வைத்தே என்னைக் கட்டிப் போட்டீர்கள். இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன கெடுதல் செய்ய முடியும்?

கப்பல் பேச்சை எடுக்காமல், வீட்டையும் பிள்ளைகளையும் பற்றி மட்டும் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். பதிலே இல்லை. அந்தப் பதினோரு வருடத்தில் இந்தத் தெரு என்னை என்னென்ன சொன்னது என்று உங்களுக்குத் தெரியாது. வயிறு திறக்காதவளை எவன் கூட்டிப் போவான் என்றார்கள். என் காதில் விழும்படியே சொன்னார்கள். நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். உங்களைப் பழி வாங்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. நீங்களே வழி சொல்லி ஆகஸ்டில் எழுதினீர்கள். அச்சுச் செலவும் நீங்களே கொடுத்தீர்கள்.

உங்கள் முன்னுரை வரும்வரை கொஞ்சம் தயங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயதான மனிதர், போகட்டும் என்று ஒரு வாரம் நினைத்தேன். பிறகு ‘அந்தப் பேதை’ வந்தாள்.

வீட்டுக்கு வர வேண்டாம். இது என் அத்தா எனக்கு எழுதி வைத்த வீடு. ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். தங்கை பாத்திமுத்துவின் மாப்பிள்ளை பினாங்கில் கடை வைத்திருக்கிறார் அல்லவா, அவரிடம் அவள் போகிறாள். நானும் கூடப் போகிறேன். பாஸ்போர்ட் என் தையல் காசில் எடுத்தது. நாளை நாகப்பட்டினத்தில் கப்பல்.

கைருன்னிசா

786
ஜலாலுதீன் வீடு, வில்லியனூர்
27-2-1983

கைருன்னிசாவுக்கு,

உன் பினாங்கு முகவரியை ஜலாலுதீனிடம் கெஞ்சி வாங்கினேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பந்தல் நிறைய ஜனம். மாலை போட்டார்கள். கட்டைப் பிரித்து முதல் பிரதியைச் சமது காக்கா கையில் கொடுத்தேன், நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் எழுந்து மைக்கில் இடது பக்கம் ஒரு பத்தி வாசித்தார். பிறகு வலது பக்கம் அதே பத்தி. இப்படி மூன்று ஊர். கூட்டத்தில் சலசலப்பு. நான்காவதாக மர்செய்யை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, “இன்னாப்பா ஹபீபு, மர்செய்ல ஒட்டகம் பாத்தியா?” என்றார். பந்தலே சிரித்தது. உன்னைப் பேசிய அதே பெண்கள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்கள். மாலையோடு நடந்து வந்தேன். இப்போது நான் தெருவில் போனால் பையன்கள் மணி அடிப்பது போலச் சத்தம் போடுகிறார்கள்.

உனக்குத் திருப்தியா என்று கேட்க மாட்டேன். நான் செய்ததற்கு இது குறைவு. ஒன்றை மட்டும் நம்பு. முதல் நாலைந்து கடிதம் எழுதியபோது உன்மேல் ஆசையோடுதான் எழுதினேன். வெங்காயம் உரித்தேன் என்று உனக்கு எப்படி எழுதுவது? பிறகு பொய்யே பழகிவிட்டது. எழுதி எழுதி அந்த ஊர்களை நானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. உண்மையில் தூலோனைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை.

நீதான் இப்போது கடல் தாண்டிப் போயிருக்கிறாய். கப்பலில் என்ன பார்த்தாய், பினாங்கு எப்படி இருக்கிறது, ஒரு வரி எழுது. வேறு எதுவும் கேட்கவில்லை. இங்கே நான் வாசிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஹபீப்

பினாங்கு
30-3-1983

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இந்த ஒன்றில் பொய் இல்லை என்று நம்புகிறேன்.

கப்பல் ஆறு நாள். நான் தூங்கியது கொஞ்சம்தான், மீதி நேரமெல்லாம் மேல்தட்டில் நின்றேன். நிறையப் பார்த்தேன். அடுத்த வாரம் பாத்திமுத்துவும் நானும் ரயிலில் இன்னும் தெற்கே போகிறோம். அங்கேயும் பார்ப்பேன்.

என்ன பார்த்தேன் என்று உங்களுக்கு எழுதப் போவதில்லை.

கைருன்னிசா